கர்ப்பிணித் தாயின் கேள்வி

(தாய் சேய் நலப் பணிகள் குறித்த பயிற்சிக்காக ஹைதராபாத் வந்திருந்த தமிழக அலுவலர்கள், பொருளாதார மாணவர்கள் ஆகியோரிடையே நிகழ்த்திய உரை)



நீங்கள் பயிற்சிக்கு வந்திருக்கும் இந்த ஹைதராபாத் நகரம் முத்து வணிகத்திற்கும் சார்மினாருக்கும் பெயர் பெற்றது. அதுமட்டுமன்று, உலகில் மிகுதியாகத் தடுப்பூசி தயாரிக்கும் நகரங்களுள் இதுவும் ஒன்று. 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பயாலஜிகல் இ, தேசியப் பால்வள வாரியம் 1982இல் நிறுவிய இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ், நாட்டின் முதல் மரபணு மறுசேர்க்கை முறை ஹெப்படைடிஸ்-பி தடுப்பூசியை 1997இல் வெளியிட்ட சாந்தா பயோடெக்னிக்ஸ், கோவாக்சினைத் தயாரித்த பாரத் பயோடெக் ஆகிய யாவும் இந்நகரைச் சேர்ந்தவையே.

தாய் சேய் நலத்திலும் இந்நகருக்கு ஒரு வரலாறு உண்டு. ஏழாவது நிஜாமின் மருமகளான இளவரசி நிலோஃபர், தம் பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் நொந்தார். அந்த வேதனையின் பயனாக எழுந்ததே அவர் பெயரால் விளங்கும் நிலோஃபர் மருத்துவமனை.

தடுப்பூசித் தொழிற்சாலைகளும் பேறுகால மருத்துவமனைகளும் அருகருகே அமைந்துள்ள இத்தகைய நகரில்கூட, கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ஊசிக்குக் கையை நீட்டத் தயங்குகிறாள். இந்தத் தயக்கத்தை நம் அறிக்கைகளில் “அறியாமை” என்ற ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அச்சொல் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதே இன்று நான் கூற வந்த கருத்து. கர்ப்பிணியின் தயக்கம் ஒரு கேள்வி. அதற்கு விடை கூறும் கடமை நம்முடையது.

ரணஜன்னியை வென்ற வரலாறு

முதலில் நாம் பெற்ற வெற்றியைப் பார்ப்போம். ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் பல்லாண்டுகள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை. தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தாலும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ பூசினாலும் அவை குழந்தையின் உடலில் புகுந்துவிடும். பிறந்து இரண்டு மூன்று நாட்கள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பின்னர் வாய் திறக்க இயலாமல், உடல் விறைத்து, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் இறந்துவிடும். 1988ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுள் இந்தியக் குழந்தைகள் ஒன்றரை லட்சத்திற்கும் மேல்.

பிறந்தவுடன் குழந்தைக்கு ஊசி போட்டு இந்நோயைத் தடுக்க இயலாது. எதிர்ப்பாற்றல் உண்டாகும் முன்பே நோய் முந்திக்கொள்ளும். ஆகவே தாய்க்கு ஊசி போடப்படுகிறது. அவள் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நச்சுக்கொடியின் வழியே கருவிலுள்ள குழந்தையைச் சென்றடைகிறது. ஊசியைத் தாங்குவது தாயின் கை; அதன் பாதுகாப்பைப் பெறுவது தாயும் சேயும்.

1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் இந்த ஊசியைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றன. தூய கைகள், தூய இடம், தூய கத்தி, கொடியைக் கட்டத் தூய நூல், எதுவும் பூசாத தூய தொப்புள் என்ற ஐந்து தூய்மைகளைச் செவிலியர்கள் ஊர் ஊராகக் கற்பித்தார்கள். மருத்துவமனைப் பிரசவங்களும் பெருகின. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005-06இல் நூற்றுக்கு 39க்குக் குறைவாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2019-21இல் 88ஐக் கடந்தன. மாவட்டந்தோறும் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு ஒன்றுக்கும் குறைவாக நோயைக் குறைப்பதே இலக்கு. இவ்விலக்கை எட்டியதாக 2003இல் முதன்முதல் உறுதி செய்யப்பட்ட மாநிலம், ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய ஆந்திரப் பிரதேசம். 2015ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் அந்நிலையை எட்டியது.

இவ்வெற்றி நிலையானதன்று என்பதையும் மறக்கலாகாது. பெரியம்மையைப் போல ரணஜன்னியை உலகிலிருந்து ஒழித்துவிட இயலாது. அதன் இருப்பிடம் மண். ஆகவே ஒவ்வொரு தலைமுறைக் கர்ப்பிணிக்கும் இந்தப் பணியைப் புதிதாகச் செய்தாக வேண்டும்.

பழக்கம் வேறு, தெளிவு வேறு

2019-21 ஆய்வின்படி, நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 தாய்மார்களின் கடைசிப் பிரசவம் ரணஜன்னிக்கு எதிராகப் பாதுகாக்கப்பட்டதாக இருந்தது. இந்த எண்ணைக் கண்டால், நம் கர்ப்பிணிகள் தடுப்பூசியை முழு மனத்துடன் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றே தோன்றும். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

அண்மையில் இந்நகரின் பழைய பகுதியில் ஒரு சுகாதார நிலையத்தில் ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த பெண்களிடம், “இது எதற்கான ஊசி?” என்று கேட்டேன். “கர்ப்பத்திற்கான ஊசி” என்றார் ஒருவர். “குழந்தை பலமாகப் பிறப்பதற்கு” என்றார் மற்றொருவர். “அட்டையில் பதியாவிட்டால் பிரசவத்தின்போது கோபித்துக்கொள்வார்கள்” என்றார் வேறொருவர். மகபூப்நகர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் ஒரு பெண் மட்டும் நோயின் பெயரைச் சரியாகச் சொன்னார். அவருடைய அத்தையின் குழந்தை அந்நோயால் இறந்ததாம். இதை நான் ஆய்வு முடிவாகக் கூறவில்லை. ஒரு முற்பகலில் காதில் விழுந்தது, அவ்வளவே. ஆயினும் அது என்னைச் சிந்திக்க வைத்தது.

அப்பெண்கள் ஊசி போட்டுக்கொண்டது பழக்கத்தினால். ஊசி போடும் செவிலியர் அவர்களுக்கு அக்கா போன்றவர். அவர் சொன்னால் சரி. இதில் தவறில்லை, இந்த உறவுதான் இத்திட்டத்தைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பழக்கம் பழைய ஊசிக்கே துணை நிற்கும். புதிய ஊசி ஒன்று வரும்போது பழக்கம் கைகொடுக்காது. அப்போது தேவைப்படுவது தெளிவு. இதனை 2021ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது.

2021ஆம் ஆண்டின் படிப்பினை

கோவிட் தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியபோது கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதில் சேர்க்கப்படவில்லை. பாலூட்டும் தாய்மார்களுக்கு மே மாதத்திலும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இரண்டாவது அலை வந்து சென்றுவிட்டது. முதல் அலையில் மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த கோவிட் பாதித்த கர்ப்பிணிகள் மற்றும் பிரசவித்த பெண்களுள் 0.7 சதவீதத்தினர் இறந்தனர் என்றும், இரண்டாம் அலையில் அது 5.7 சதவீதமாக உயர்ந்தது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவ்வாண்டு ஜூனில் தெரிவித்தது.

தொடக்கத்தில் ஏன் அனுமதி இல்லை? புதிய மருந்துகளின் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை என்பது உலகெங்கும் பின்பற்றப்பட்டு வந்த வழக்கம். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் உட்கொண்டதால், 1961இல் அது திரும்பப் பெறப்படும் முன் பல நாடுகளில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைகளுடன் பிறந்தன. அந்த அச்சத்தில் பிறந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் சோதனையில் சேர்க்காததால் சான்று இல்லை. சான்று இல்லாததால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாத காலத்தில் நோய் காத்திருக்கவில்லை. பாதுகாப்பதற்காக ஒதுக்கி வைத்தோம். ஒதுக்கி வைத்ததனாலேயே பாதுகாப்பின்றி விட்டோம்.

ஜனவரியில் “உங்களுக்கு வேண்டாம்” என்று கேட்ட பெண்ணிடம் ஜூலையில் “உங்களுக்கு மிகவும் அவசியம்” என்றோம். இடையில் என்ன தெரிய வந்தது என்பதை அவளுக்கு எத்தனை பேர் எடுத்துரைத்தோம்? அவள் தயங்கியதை எவ்வாறு அறியாமை என்பது?

இங்கு என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. அவ்வாண்டு ஜூலையில் சென்னையிலிருந்த என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. “அப்பா, போட்டுக்கொள்ளலாமா?” என்று தொலைபேசியில் கேட்டாள். மேற்கூறிய சதவீதங்கள் என் மேசையின் மீதே இருந்தன. இருந்தும், “குழந்தை பிறக்கட்டும் அம்மா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றுதான் என் வாயில் வந்தது. பொருளாதாரம் பயின்று, புள்ளிவிவரங்களோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு நேர்ந்த தயக்கம் இது. என் மகள் என் சொல்லோடு நிற்கவில்லை. தன் பகுதியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் சென்று கேட்டாள். அவர் கால் மணி நேரம் பொறுமையாகப் பதில் கூறினார். அன்றே அவள் ஊசி போட்டுக்கொண்டாள். எனக்குத் தோன்றாத விடை அச்செவிலியரிடம் இருந்தது.

தயக்கத்தின் பொருளாதாரம்

மாணவ நண்பர்களுக்காகச் சில கருத்துகளைப் பொருளாதார நோக்கில் கூறுகிறேன். பல தடுப்பூசிகளின் நன்மை அண்டை அயலாருக்கும் சேரும் என்றும், ஆகவே தனிமனிதர் தாமாகத் தேடிப்போவது குறைவு என்றும் படித்திருப்பீர்கள். ரணஜன்னிக்கு இது பொருந்தாது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயன்று. அந்த ஊசியின் முழு நன்மையும் அந்தத் தாய்க்கும் அவள் குழந்தைக்குமே. அப்படியிருந்தும் தயக்கம் ஏன் தோன்றுகிறது?

முதற்காரணம், செய்ததால் விளையும் தீங்கையும் செய்யாததால் விளையும் தீங்கையும் மனித மனம் ஒரே தராசில் நிறுப்பதில்லை. ஊசி போட்டபின் ஏதேனும் நேர்ந்தால் “நான் போட்டுக்கொண்டதால்தானே” என்று தாய் தன்னையே நொந்துகொள்வாள். போடாமல் நேர்ந்தால் “விதி” என்பார்கள். கர்ப்பகாலத்தில் தலைவலிக்குக்கூட மாத்திரை விழுங்காத எச்சரிக்கையே ஊசியையும் தள்ளிப்போடச் செய்கிறது. அது தாய்மையின் பொறுப்புணர்ச்சி. அதனைப் பழிப்பது பெரும் பிழை.

இரண்டாவது காரணம் தற்செயல் ஒற்றுமை. கருவுற்றதாக உறுதியானவற்றுள் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டவை எந்த ஊசியும் இல்லாமலே கலைந்துவிடுகின்றன. எனவே ஆயிரம் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டால், அடுத்த வாரங்களில் சிலருக்குக் கருச்சிதைவு ஏற்படத்தான் செய்யும். அது ஊசியால் அன்று என்று புள்ளிவிவரம் கூறும். தெருவில் நான்கு வீடு தள்ளி இருப்பவருக்கு நேர்ந்ததைக் கண்ட பெண்ணுக்குப் புள்ளிவிவரம் ஆறுதலாகாது. இதனை ஊசிக்கு முன்பே சொல்லியிருந்தால் அது விளக்கம். பின்பு சொன்னால் சமாதானம்.

மூன்றாவது, செலவு. ஊசி இலவசம், ஆனால் அன்றைய கூலி இலவசமன்று. சுகாதார நிலையத்திற்கு வந்து வரிசையில் நின்று திரும்பும் கட்டடத் தொழிலாளிக்கு அரை நாள் சம்பளம் போய்விடுகிறது. துணைக்கு வரும் மாமியாருக்கும் வேலை கெடும். இத்தகைய தாமதத்தையும் நாம் “தயக்கம்” என்ற பத்தியில் எழுதிவிடுகிறோம்.

நான்காவது, நினைவு. 1975-77ஆம் ஆண்டுகளில் கருத்தடை இயக்கத்தில் நிகழ்ந்த வற்புறுத்தல்களின் நினைவு பல குடும்பங்களில் இன்னும் அழியவில்லை. தடுப்பூசியால் கரு தங்காமற்போகும் என்ற வதந்தி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1990இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலும், 2014இல் கென்யாவிலும் ரணஜன்னித் தடுப்பூசியைப் பற்றி இத்தகைய ஐயமே எழுந்தது. பெண்களுக்கு மட்டும் போடப்படும் ஊசியைப் பற்றிப் பெண்களிடம் காரணம் கூறாவிட்டால், காரணத்தை வதந்தி கூறிவிடும்.

எல்லா ஊசியும் ஒன்றல்ல

விளக்கம் என்பது புகழ்ச்சியன்று என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பகாலத்தில் போடக்கூடாத ஊசிகளும் உண்டு. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான ஊசிகளில் வலுவிழந்த உயிர்க் கிருமி உள்ளமையால், அவற்றைக் கர்ப்பத்திற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் கண்புரை ஏற்படலாம் என்பதை 1941இல் ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். காது, இதயம் ஆகியவற்றையும் அது பாதிக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனவேதான் 2017இல் தமிழகத்திலும் பின்னர்த் தெலங்கானாவிலும் சிறுவர் சிறுமியருக்கு அந்த ஊசி பெரிய அளவில் போடப்பட்டது. ரணஜன்னி ஊசியிலோ உயிர்க் கிருமி இல்லை. செயலிழக்கச் செய்த நச்சுப்பொருளே உள்ளது. 2019 முதல் அதனுடன் தொண்டை அடைப்பானுக்கான பாதுகாப்பும் சேர்த்து அளிக்கப்படுகிறது. “இது கூடும், இது கூடாது, காரணம் இது” என்று இரண்டையும் கூறும் செவிலியரின் சொல்லுக்கே மதிப்பு ஏற்படும்.

வரவிருக்கும் பணி

இப்பொருளை இன்று வலியுறுத்தக் காரணம் உண்டு. பருவக் காய்ச்சல் தடுப்பூசியில் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தர வேண்டுமென்று 2012இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் பிரிட்டன் கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் இருமல் தடுப்பூசியைத் தொடங்கியது; அதனால் மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏறத்தாழ 90 சதவீதப் பாதுகாப்புக் கிடைத்ததாகக் கண்டனர். பச்சிளங்குழந்தைகளின் மூச்சுக்குழல்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற நச்சுயிரிக்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசிக்கு 2023இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதி அளித்தன. நம் அரசின் இலவசத் திட்டத்தில் இவை இடம்பெறும் நாளும் வரலாம். அன்று பழக்கத்தை நம்பி நாம் களத்தில் இறங்கினால் 2021ஆம் ஆண்டின் அனுபவமே மீண்டும் நேரும்.

அலுவலர்களுக்கு நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, ஊசிக்கு முன் நான்கு செய்திகளை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அவர்தம் மொழியில் கூற வேண்டும்: இது எந்த நோய்க்கு, இதில் என்ன உள்ளது, போட்டபின் என்ன ஆகும், எதற்கு மருத்துவரிடம் வரவேண்டும். ஹைதராபாத்தில் அம்மொழி தெலுங்காகவோ உருதுவாகவோ ஒடியாவாகவோ இருக்கலாம்.

இரண்டாவதாக, முடிவெடுப்பவர் கர்ப்பிணி மட்டுமல்லர். கணவரும் மாமியாரும் தாயும் உடனிருக்கும்போது விளக்குங்கள். தமிழகத்தில் அங்கன்வாடிகளில் நடைபெறும் சமுதாய வளைகாப்பு இதற்கு ஏற்ற இடம். 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாள் நடைபெறும் கர்ப்பிணிப் பரிசோதனையிலும் கேள்விகளுக்கென நேரம் ஒதுக்கலாம்.

மூன்றாவதாக, மறுத்தவரின் பெயருக்கு எதிரே “மறுப்பு” என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன கேட்டார் என்பதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். பத்துப் பதிவேடுகளைச் சேர்த்துப் படித்தால், அடுத்த மாதம் எதை விளக்க வேண்டும் என்பது தானே தெரியும்.

நான்காவதாக, கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஆஷா பணியாளருக்கும் அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுங்கள். இத்தனை ஊசிகள் என்ற இலக்கை மட்டும் விதித்துவிட்டு, பேச நேரமின்றி அவர்களை விரட்டினால், இலக்கு எட்டப்படும், நம்பிக்கை எட்டப்படாது. இது செலவு என்று கணக்கர்கள் கூறக்கூடும். நான் முதலீடு என்பேன்.

நண்பர்களே! தடுப்பூசியைத் தொழிற்சாலை தயாரித்துவிடும். குளிர்பெட்டி அதைச் சிற்றூருக்குச் சேர்த்துவிடும். கடைசியாக எஞ்சியிருப்பது, பெஞ்சில் அமர்ந்திருக்கும் கர்ப்பிணிக்கும் அவளெதிரே நிற்கும் செவிலியருக்கும் இடையிலுள்ள இரண்டடித் தூரம். அதைக் கடக்க உதவுவது ஒரு விடை மட்டுமே. என் மகளுக்கு அந்த விடையைக் கூறிய செவிலியரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு நேரமும் பயிற்சியும் மதிப்பும் கிடைக்கச் செய்வது, நாளை அலுவலகங்களில் அமரவிருக்கும் உங்கள் கைகளில் உள்ளது.